மன்னிக்கவும், என் விரல்தான்

பதவி உயர்ந்த வாரம்
நாற்பத்தொரு பாடங்களைச் சேமித்து வைத்தேன்.
பயனர் அனுபவம், அடிப்படையிலிருந்து.
குழுவை நடத்துவது எப்படி, பன்னிரண்டு காணொளி.
பாதி விலைக்கு ஒரு சான்றிதழ் வகுப்பு.
முப்பதே நாளில் தலைவரான யாரோ ஒருவரின் கதை.
மூன்றைப் பார்த்தேன்,
அதிலும் ஒன்றை
துணி துவைக்கும் இயந்திரத்தின் இரைச்சலில்.

கெமி நகரம். பிப்ரவரி.
கடல் உறைந்து கிடக்கிறது, அதன்மேல் கார் போகிறது.
சுகாதார நிலைய வாசலில்
நாங்கள் வடிவமைத்த பதிவு இயந்திரம்:
வந்துவிட்டேன் என்று சொல்ல
ஒரு திரை, ஒரு பெரிய நீலப் பொத்தான்.
அந்த நீலத்துக்காக இரண்டு வாரம் சண்டை போட்டோம்.

சோதனைக்கு வந்தவர் பெயர் தாவெத்தி.
பனியில் துளை போட்டு வலை இறக்குகிறவர்.
கையுறையைப் பல்லால் இழுத்துக் கழற்றினார்.
வலையும் குளிரும் தின்று தீர்த்த பெருவிரல்,
ரேகை என்று சொல்ல அதில் ஒன்றும் மிச்சமில்லை.
அழுத்தினார். நீலம் அசையவில்லை.
மறுபடி. மறுபடி.
பணம் எண்ணுகிறவரைப் போல
விரலை உதட்டில் தொட்டு ஈரமாக்கினார்.
அப்புறம் திரையிடம்,
எங்களிடம் அல்ல, திரையிடம்,
"மன்னிக்கவும், என் விரல்தான்" என்றார்.

உதவாதே என்கிறது பார்த்த மூன்றில் ஒரு பாடம்.
பதில் என் நாக்கு நுனிக்கு வந்தேவிட்டது.
மேசைக்கடியில் சைமி என் காலை மிதித்தாள்.
பதினெட்டு நொடி. எண்ணினேன்.
அவர் குனிந்து
மூக்கு நுனியால் அழுத்தினார்.
நல்வரவு, என்றது திரை.
யாரும் சிரிக்கவில்லை.
எர்க்கோ குறிப்பேட்டில் 'மூக்கு' என்று எழுதி
இரண்டு முறை அடிக்கோடிட்டான்.

அன்றிரவு தூக்கம் பிடிக்கவில்லை.
சைமியின் கோப்பைத் திறந்தேன்.
பொத்தானைப் பெருக்கினேன், நகர்த்தினேன்,
எழுத்தைத் தடிக்க வைத்தேன்,
ஒரு மணிக்குத் தொட்டது மூன்றரைக்குத்தான் விட்டது.
அவள் மூன்று வாரமாக வரைந்த பதினோரு திரையும்
என் கையெழுத்தாகிவிட்டன.
உதவி என்றுதான் நினைத்தேன்.
நல்ல தலைமை என்றுகூட, சத்தியமாக.

காலையில் கோட்டைக்கூடக் கழற்றாமல் பார்த்தாள்.
மேலே நகர்த்தினாள், கீழே நகர்த்தினாள்,
தன்னுடையது ஏதாவது இருக்கிறதா என்று தேடினாள்.
"மன்னிக்கவும், நான்தான் சரியாக யோசிக்கவில்லை."
என்னிடம் அல்ல.
திரையிடம்.

பார்த்த மூன்று பாடத்தில் இது இல்லை.
பார்க்காத முப்பத்தெட்டில் இருந்ததோ என்னவோ.

கோப்பை முந்தைய நாளுக்குத் திருப்பினேன்,
அதற்கு ஒரு சொடுக்கு போதும்.
என் தப்பு என்றேன்.
பரவாயில்லை என்றாள்,
கதவைச் சாத்துகிற குரலில்.

வியாழக்கிழமைக் கூட்டம்.
என்ன செய்யலாம் என்று கேட்டுவிட்டு
இரண்டு கையையும் தொடைக்கடியில் வைத்து
அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன்.
என்னிடம் விடை இருந்தது. இரண்டு விடை.
பதினெட்டு தாண்டியது. இருபத்தாறு.
வெளியே பனி அள்ளும் வண்டி
பீப் பீப் என்று பின்னால் வந்தது.
காபி ஆறியது.
நாற்பதுக்கு மேல் எண்ண மறந்துபோனேன்.

"திரையே வேண்டாம்" என்றாள் சைமி,
மேசையைப் பார்த்துக்கொண்டு.
"ஒரு நிஜப் பொத்தான்.
அழுத்தினால் உள்ளே போகிற மாதிரி.
கையுறையோடு அழுத்தலாம். முழங்கையால்."
"மூக்கால்" என்றான் எர்க்கோ.
அப்போதுதான் அவள் சிரித்தாள்,
என் பக்கம் திரும்பாமல்தான், ஆனாலும்.

நீலமா, என்று கேட்க வாயெடுத்தேன்.
விழுங்கிவிட்டேன்.
இன்னும் தொண்டையிலேயே நிற்கிறது
இரண்டு வாரச் சண்டையின் அந்த நீலம்.